சுவரிலிருந்து சட்டகத்துக்கு: பழந்திரைப்படச் சுவரொட்டி மறுஅச்சுகள் குறித்து ஒரு நோக்கு

பழைய தமிழ்த் திரைப்படச் சுவரொட்டிகளின் மறுஅச்சுகள் இன்று கண்ணாடியிட்ட சட்டகங்களில் வீட்டு வரவேற்பறைகளை அலங்கரிக்கின்றன. இதனைப் பழைமை மோகம் என ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயின், தெருச் சுவரில் சில வாரங்களே நிற்பதற்கென அச்சிடப்பட்ட ஒரு தாள் வீட்டுக்குள் நிலையான இடம் பெறும்போது எதைப் பெறுகிறது, எதை இழக்கிறது என்னும் வினா தமிழியலுக்கும் உரியதாகும்.

பெறுவது சிறிதன்று. பசையிலும் மழையிலும் அழியவேண்டிய ஓவியம் காக்கப்படுகிறது. சென்னையின் கையோவியத் திரைப்படப் பதாகைகளையும் அரசியல் பதாகைகளையும் தனி நூலாகவே பிரேமிந்தா ஜேக்கப் 2009இல் ஆராய்ந்தார். அத்தகைய மதிப்பு சுவரொட்டி ஓவியருக்கும் கிட்டுவதை நாம் வரவேற்கவே வேண்டும்.

இழப்பு எழுத்தில் தொடங்குகிறது. 1954இல் வெளிவந்த ‘மலைக்கள்ளன்’ படத்தின் தலைப்பை எடுத்துக்கொள்வோம். அதிலுள்ள ‘லை’ அன்றைய வழக்கின்படி யானைத் துதிக்கை போன்ற சுழியுடன் எழுதப்பட வேண்டியது. 1935இல் பெரியார் ‘குடி அரசு’ இதழில் கையாண்ட சீர்திருத்த வடிவங்களைத் தமிழ்நாட்டரசு 1978இல் ஏற்றது. அவ்வரசின் முதல்வராக இருந்தவர் அப்படத்தின் நாயகர் எம்.ஜி.ஆரே. எனவே அப்படத்தின் சுவரொட்டி, எழுத்து வரலாற்றுக்கும் ஒரு சான்றாகிறது. மங்கிய தலைப்பை நீக்கிவிட்டுக் கணினி எழுத்துருவில் புதிதாக அமைத்த சில மறுஅச்சுகளை நாம் கண்டுள்ளோம். அவற்றில் ஓவியம் பழையது. எழுத்தோ 1978க்குப் பிந்தியது. பார்ப்பவர் இரண்டையும் ஒரே காலத்தனவாகக் கொள்வர்.

அடுத்தது விளிம்பு. இந்தியாவில் அச்சாகும் ஒவ்வொரு நூலும் தாளும் அச்சிட்டவர் பெயரையும் அச்சிட்ட இடத்தையும் தாங்கியிருத்தல் வேண்டும் என 1867ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. 2023இல் இயற்றப்பட்ட சட்டம் அதனை நீக்கும்வரை அவ்விதி நிலவியது. சுவரொட்டிகளின் அடிவிளிம்பில் காணப்படும் சிற்றெழுத்து வரிக்குக் காரணம் இதுவே. சட்டகத்தின் அளவுக்குப் பொருந்தும்பொருட்டு முதலில் வெட்டப்படுவதும் அவ்வரியேயாகும். அதனோடு அச்சகத்தின் பெயரும் ஊரும் மறைகின்றன. தாளின் காலத்தைக் கணிக்க உதவும் தடயமும் மறைகிறது. எம்.ஜி.ஆர். படங்கள் பலமுறை மறுவெளியீடு கண்டவை. மறுவெளியீட்டுக்கெனப் புதிய சுவரொட்டிகளும் அச்சாயின. விளிம்பிழந்த தாளை வைத்துக்கொண்டு அது முதல் வெளியீட்டுக்கு உரியதா, மறுவெளியீட்டுக்கு உரியதா எனத் துணிதல் அரிது.

அளவும் எண்ணத்தக்கது. பெரிய சுவரொட்டிகள் பல தாள்களை இணைத்து ஒட்டப்பட்டவை. சாலையின் மறுபுறத்தில் நடப்பவரையும் அழைக்கும் பேருருவாக அவை விளங்கின. கைக்கெட்டும் தொலைவில் சுருங்கித் தொங்கும் படியில் அவ்வழைப்பின் வலிமை புலப்படுவதில்லை.

ஆயினும் சட்டகமிடுதல் குற்றமன்று. குறிப்பின்றித் திருத்துதலும் வெட்டுதலுமே குற்றம். ஏட்டுச்சுவடியைப் பதிப்பிப்பவர் பாடத்தை மாற்றினால் அதனைச் சுட்டுவது பதிப்பு நெறி. அந்நெறியைச் சுவரொட்டிக்கும் நாம் வேண்டுகிறோம். மறுஅச்சு விளிம்போடு வரவேண்டும். மூலத்தின் அளவும், திருத்தம் உண்டெனில் அதுவும், பின்புறத்தில் குறிக்கப்பட வேண்டும். வகுப்பறையில் இத்தகைய படங்களைக் காட்டும் ஆசிரியர்க்கு இது இன்றியமையாதது. பழைய ‘லை’யைக் காணாத மாணவர், அஃது எழுதப்பட்டு வந்த ஒரு காலத்தையே அறியாது போவர்.