பழைய லாம்ப்ரெட்டாவை எடை போடுதல்

திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தை ஒட்டிய செங்கம் சாலையிலும் அதிலிருந்து பிரியும் தெருக்களிலும், கார்த்திகை தீபம் தொடங்கி மாசி வரை வெளியூர், வெளிநாட்டு அன்பர்கள் வந்து தங்கும் மாதங்களில், இருசக்கர வாகனங்கள் வாடகைக்கும் விலைக்கும் கைமாறுவது வழக்கம். அவற்றுள் புல்லட்டுக்கே மவுசு அதிகம். எனினும் இத்தாலிய வாகனக் கலையில் ஈடுபாடு கொண்ட ஒருவர் இப்பகுதியிலோ தமிழ்நாட்டின் வேறெந்த ஊரிலோ தேடிக் கண்டடையக்கூடிய பழம்பொருள் டுகாட்டியோ மோட்டோ குஸ்ஸியோ அன்று, ஸ்கூட்டர்தான். அந்நாட்டின் பெரிய மோட்டார் சைக்கிள்கள் இங்குப் பரவலாக ஓடியதில்லை. லாம்ப்ரெட்டா, வெஸ்பா என்னும் இரு ஸ்கூட்டர்களோ இந்தியாவிலேயே உருவாக்கப்பட்டு, அலுவலர், ஆசிரியர், மருத்துவர் எனப் பலர் வீட்டு வாசலில் பல பத்தாண்டுகள் நின்றன. இவ்விரண்டில் வாங்குபவரின் கண்ணுக்கும் காதுக்கும் விரலுக்கும் அதிக வேலை கொடுப்பது லாம்ப்ரெட்டா.

இவ்வண்டியை மதிப்பிடுவதற்கு அதன் பிறப்பைத் தெரிந்துகொள்வது துணை செய்யும். மிலான் நகரின் லாம்பிராத்தே பகுதியில் தொழிற்சாலை வைத்திருந்த ஃபெர்டினாண்டோ இன்னொசென்ட்டி அடிப்படையில் எஃகுக் குழாய் வணிகர். கட்டடச் சாரங்களுக்கான குழாய்களால் பெயர் பெற்றவர். இரண்டாம் உலகப் போரில் சிதைந்த அத்தொழிற்சாலையிலிருந்து 1947இல் வெளிவந்த முதல் லாம்ப்ரெட்டாவின் உடல், இயல்பாகவே, குழாயால் ஆன சட்டகமாக அமைந்தது. அதற்கு ஓராண்டு முன்னர் வெளிவந்த வெஸ்பாவோ விமானங்கள் செய்த பியாஜ்யோ நிறுவனத்தின் படைப்பு. அதை வடிவமைத்த கொர்ரதீனோ தாஸ்கானியோ விமான, ஹெலிகாப்டர்ப் பொறியாளர் என்பதால், தகட்டு உடலே எடையைத் தாங்கும் முறையைக் கையாண்டார். இந்த வேறுபாடு வாங்குபவருக்கு நேரடியாகப் பயன்படுவது. வெஸ்பாவில் தகடு அரித்தால் வண்டியின் எலும்பே அரித்ததாகும். லாம்ப்ரெட்டாவில் தகடு வெறும் ஆடைதான், எலும்பு உள்ளே குழாயாக இருக்கிறது. ஆகவே லாம்ப்ரெட்டாவின் மேற்புறம் எவ்வளவு நசுங்கியிருந்தாலும் அது வாங்கத் தகுந்ததாக இருக்கலாம். எவ்வளவு பளபளத்தாலும் தகாததாகவும் இருக்கலாம்.

இந்தியாவில் லாம்ப்ரெட்டாவுக்கு இரு கிளைகள் உண்டு. பம்பாயின் ஆட்டோமொபைல் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா, அதாவது ஏ.பி.ஐ., 1950களிலேயே இவ்வண்டியைக் கட்டத் தொடங்கி, பின்னர் எல்.ஐ. 150 என்ற மாதிரியை நெடுங்காலம் உருவாக்கி, 1970களில் அதற்கு ‘லாம்பி’ என்று பெயர் மாற்றியது. ஹேண்டில் பாரோடு சேர்ந்து திரும்பும் வட்ட ஹெட்லைட், பக்கத் தகடுகளைக் கழற்றுவதற்கான கைப்பிடிகள், ஓட்டுநருக்கும் பின்னால் அமர்பவருக்கும் தனித்தனி இருக்கைகள் ஆகியவை இவ்வகையின் அடையாளங்கள். இரண்டாவது கிளை, 1972இல் லக்னோவில் நிறுவப்பட்ட ஸ்கூட்டர்ஸ் இந்தியா என்னும் அரசு நிறுவனம். இத்தாலியில் உற்பத்தி நின்ற பிறகு இன்னொசென்ட்டியின் இயந்திரங்களையும் அச்சுகளையும் விலைக்கு வாங்கி, பெர்தோனே நிறுவனம் 1969ஆம் ஆண்டு மாதிரிக்கு வரைந்த ஒடுங்கிய வடிவத்தின் வழியில் ‘விஜய் சூப்பர்’ என்ற பெயரில் விற்றது. இத்தாலியில் செய்தது மட்டுமே அசல், இந்தியாவில் செய்தது நகல் என்று கருதும் சேகரிப்பாளர்கள் உள்ளனர். அக்கருத்து ஏற்கத்தக்கதன்று. லக்னோவில் இயங்கியவை மிலானின் அதே இயந்திரங்களே. பம்பாய் வண்டியோ இத்தாலியே கைவிட்டுவிட்ட ஒரு வடிவத்தைப் பல ஆண்டுகள் உயிரோடு வைத்திருந்தது. வண்டியின் தகுதி அது பிறந்த நாட்டில் இல்லை. அதன் உறுப்புகள் ஒரே பிறப்பைச் சேர்ந்தவையா என்பதில் இருக்கிறது.

அந்த ஒருமையை முதலில் தேடவேண்டிய இடம் சேஸ், அதாவது வண்டியின் அடிச்சட்டகம். ஹேண்டில் பார் பொருந்தும் கழுத்திலிருந்து கனத்த ஒற்றைக் குழாய் ஒன்று கீழிறங்கி, கால்வைக்கும் தளத்தின் அடியில் பின்னோக்கி ஓடுகிறது. முன்பக்கம் எங்கேனும் மோதிய வண்டியில் இக்குழாய் கழுத்துக்குச் சற்றுக் கீழே வளைந்திருக்கும். அவ்விடத்தில் பெயிண்டு மெல்லிய வரிகளாகச் சுருங்கியிருப்பதையோ, புதிய பெயிண்டு அங்கு மட்டும் தடித்திருப்பதையோ விரல் நுனியால் தடவியே உணரலாம். வண்டியை நிமிர்த்தி நிறுத்தி, பத்தடி பின்னால் குனிந்து நோக்கினால், முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்பது புலப்படும். மெயின் ஸ்டாண்டு பொருந்தும் இடத்தில் மழைநீர் தேங்குவதால் குழாய் உள்ளிருந்தே துருப்பிடிக்கும் என்பதையும், கால்தளத்தின் ரப்பர்ப் பட்டிகளைத் தாங்கும் அலுமினியக் கம்பிகளின் அடியில் தகடு மறைவாக அரிக்கும் என்பதையும் அறிந்தவர், வண்டியைச் சாய்த்து அடிப்பக்கம் பார்க்காமல் விலை பேச மாட்டார். இந்த வகையில் திருவண்ணாமலைக்கு ஓர் அனுகூலம் உண்டு. கடற்கரையிலிருந்து ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் உள்ளே, வறண்ட வெயிலில் அமைந்த ஊர் ஆதலால், இங்கேயே பல ஆண்டுகள் ஓடிய வண்டியின் இரும்பு, புதுச்சேரியிலோ சென்னைக் கடலோரத்திலோ உப்புக் காற்றில் நின்ற வண்டியின் இரும்பைவிடப் பொதுவாக நலமாக இருக்கும். மாறாக ரப்பர் உறுப்புகள் வெயிலில் இறுகி வெடித்திருக்கும். ரப்பரை எளிதில் மாற்றலாம் என்பதால் இது வாங்குபவருக்கு நல்ல பேரமே.

அடுத்தது தோல், அதாவது மேல்தகடு. டிங்கரிங் கடையில் நசுங்கலை முழுவதும் தட்டி நிமிர்த்தாமல், பள்ளத்தை ‘பட்டி’ என்னும் பசையால் நிரப்பித் தேய்த்து, அதன் மேல் பெயிண்டு அடிப்பது பரவலான வழக்கம். சிறு காந்தத்தைத் துணியில் சுற்றித் தகட்டின் மேல் மெல்ல நகர்த்தினால், பட்டி தடித்த இடங்களில் அதன் பிடி தளர்ந்து நழுவும். மண்பானை வாங்குபவரைப் போலச் சுட்டுவிரலால் தட்டினாலும் அவ்விடம் மந்தமாக ஒலித்துக் காட்டிக்கொடுக்கும். இந்தியாவில் அவசரமாகப் புதுப்பித்து ஏற்றுமதி செய்யப்பட்ட ஸ்கூட்டர்கள் ஐரோப்பியச் சேகரிப்பாளர்களிடையே பெற்றுள்ள கெட்ட பெயருக்குப் பட்டியும், இரு வண்ணப் பூச்சும், இல்லாத மாதிரியின் பெயர்ச் சின்னங்களும் முதன்மைக் காரணங்கள். எனவே தொழிற்சாலையில் அடித்த முதல் பெயிண்டு, மங்கியும் ஆங்காங்கே உதிர்ந்தும் இருந்தாலும், எஞ்சியிருக்கும் வண்டியே தேர்ந்த ரசிகரின் முதல் தெரிவு. ஹேண்டில் பாருக்குப் பின்னால், பெட்ரோல் டேங்கின் அடியில், பக்கத் தகட்டின் உட்புறத்தில் பார்த்தால் அந்த முதல் நிறம் பெரும்பாலும் ஒளிந்திருக்கும். வெளியே தெரியும் நிறத்தோடு அது ஒத்துப்போனால், அந்த வண்டிக்கு அருகில் இன்னும் ஒரு மணிநேரம் செலவிடுவது வீணாகாது.

எஞ்சின் இரண்டாம் நிலையில் வைக்கத்தக்கதே. பழுதான எஞ்சினைச் சீர்செய்யலாம், வளைந்த சேஸை நேராக்குவது அரிது. எல்.ஐ. 150இன் எஞ்சின் 57 மி.மீ. விட்டமும் 58 மி.மீ. வீச்சும் கொண்ட, 148 சி.சி. கொள்ளளவுடைய டூ ஸ்ட்ரோக் வகை. பிஸ்டன் ஒருமுறை மேலேறி இறங்குவதற்குள் ஒரு சுழற்சியை முடித்துவிடும் இவ்வகைக்குப் பெட்ரோலிலேயே எண்ணெய் கலந்து ஊற்றவேண்டும். தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து விட்டத்தைச் சற்றுப் பெருக்கி, அதற்கேற்ற ‘ஓவர்சைஸ்’ பிஸ்டன் போடுவதை மெக்கானிக்குகள் போர் அடித்தல் என்பர். பிஸ்டன் தலையில் பொறித்திருக்கும் அளவு 57ஐ விட்டு எவ்வளவு விலகியிருக்கிறதோ, அவ்வளவுக்கு அச்சிலிண்டரின் எஞ்சிய ஆயுள் குறைவு. ஃபிளைவீல் என்னும் சுழல்சக்கரத்தில் வார்த்த இறக்கைகளே காற்றைத் தள்ளிச் சிலிண்டரைக் குளிர்விக்கின்றன. அக்காற்றை வழிநடத்தும் தகட்டு உறை இல்லாத வண்டி, சித்திரை வெயிலில் சூடேறிப் பிஸ்டன் பிடித்து நிற்கக்கூடும். ஃபிளைவீலைக் கையால் மேலும் கீழும் அசைத்துப் பார்க்கையில் ஆட்டம் தெரிந்தால் கிராங்க் பேரிங் தேய்ந்துவிட்டது என்று கொள்ளலாம்.

வண்டியைக் குளிர்ந்த நிலையிலேயே ஸ்டார்ட் செய்து பார்க்கவேண்டும். வாங்குபவர் வருவதற்குமுன் விற்பவர் சூடாக்கி வைத்த எஞ்சின் தன் குறைகளை மறைத்துவிடும். முதல் சில நிமிடங்களுக்குப் பிறகும் அடர்ந்த வெண்புகை நிற்காவிட்டால், கியர்பாக்ஸ் எண்ணெய் கிராங்க் சீல் வழியே உள்ளே இழுக்கப்படுகிறது எனலாம். ஆக்ஸிலரேட்டரை விட்டபின்பும் எஞ்சின் வேகம் இறங்கத் தயங்கினால், ஃபிளைவீல் பக்கத்துச் சீல் வழியே காற்று நுழைகிறது என்று ஐயுறவேண்டும். கியர் இடக்கைப் பிடியைத் திருகி மாற்றப்படுவது. இரண்டாம் கியரில் இழுத்துவிட்டுத் திடீரென வேகம் குறைக்கும்போது கியர் தானே நழுவினால், உள்ளே பற்கள் தேய்ந்துள்ளன. இச்சோதனைக்குச் செங்கம் சாலை காலை வேளையில் ஏற்றது. பௌர்ணமி நாளில் கிரிவலக் கூட்டத்திடையே எந்த வண்டியையும் சோதிக்க இயலாது. நல்ல நிலையிலுள்ள லாம்ப்ரெட்டா மலையை இடப்புறமோ வலப்புறமோ வைத்துச் சீராகச் செல்லும்போது எழும் ஒலி, வெஸ்பாவின் ஒலியைவிடச் சற்றுத் தாழ்ந்தும் மென்மையாகவும் இருக்கும். எஞ்சின் உடலின் நடுவில் இருப்பதால் எடை இருபுறமும் சமமாகி, திருப்பத்தில் வண்டி சாய்கையில் கிடைக்கும் நிதானம் இவ்வடிவத்தின் உண்மையான அழகு என்றே கூறவேண்டும்.

எஞ்சின் நன்றாக ஓடினும் ஆவணம் பொருந்தாவிட்டால் வண்டி வெறும் இரும்பு. சேஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிடுவதற்கு, எண்ணின் மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்செடுக்கும் வட்டாரப் போக்குவரத்து அலுவலக முறையே சிறந்தது. அழித்து மறுபடி பொறித்த எண்ணின் கோணலும் ஆழ வேறுபாடும் அந்தத் தாளில் கண்ணுக்குத் தெரிந்துவிடும். 1989க்கு முந்தைய பதிவுகள் எம் அல்லது டி என்று தொடங்கும் மூன்றெழுத்துக் குறிகளைக் கொண்டிருக்கும். அத்தகைய பழைய எண்ணைத் தாங்கிய வண்டிக்கு, திருவண்ணாமலையின் டிஎன் 25 வரிசையில் பின்னர் மாற்றப்பட்டதைவிட ரசிகர்கள் கூடுதல் விலை தருவதில் நியாயம் உண்டு. 2021இல் நடுவண் அரசு வகுத்த விதிப்படி, முதற்பதிவாகி ஐம்பது ஆண்டு கடந்து, சேஸும் உடலும் எஞ்சினும் பெரிய மாற்றமின்றி இருக்கும் வண்டியை ‘வி.ஏ.’ என்ற தனி வரிசையில் பழம்பொருள் வாகனமாகப் பதியலாம். ஆனால் அவ்வாறு பதிந்த வண்டியைக் கண்காட்சி, பேரணி, பராமரிப்பு போன்ற தேவைகளுக்கன்றி அன்றாடம் சாலையில் ஓட்ட அனுமதியில்லை. ஆதலால் ஆசிரமத்திற்கும் கடைத்தெருவிற்கும் நாள்தோறும் ஓட்ட விரும்புபவர், எஃப்.சி. என்னும் தகுதிச் சான்று எடுத்துச் சாதாரணப் பதிவைப் புதுப்பித்துக்கொள்ளத்தக்க வண்டியையே தேடவேண்டும்; அந்தப் புதுப்பித்தலை விற்பவரே தம் பெயரில் முடித்துத் தருவதாக ஒப்புக்கொண்ட பிறகு முன்பணம் கொடுப்பதே முறை.