ஸ்டியரிங் பிடிக்கும் வயசு: லாஜிடெக் ஜி29 + கிரான் டுரிஸ்மோ 7

1908-ல் இத்தாலியின் போலோன்யா நகரத்தில் நடந்த கார் பந்தயத்துக்குத் தன் பத்து வயது மகனைக் கூட்டிப் போனார் ஒரு தந்தை. ஃபியட் ஓட்டிய ஃபெலிச்சே நசாரோ அன்றைக்கு ஜெயித்தார். வேடிக்கை பார்த்த பையனின் பெயர் என்ஸோ ஃபெராரி. லூயிஸ் ஹாமில்டனுக்கு ஆசையை விதைத்தது அப்பா வாங்கிக் கொடுத்த ரிமோட் கார். நம் கோவை நரேன் கார்த்திகேயனுக்கு, ராலி ஓட்டிய அப்பாவே வீட்டில் இருந்தார். ஸ்போர்ட்ஸ் கார் பைத்தியம் பிடித்த யாரைக் கேட்டாலும் அரை டிரவுசர் காலத்துச் சம்பவம் ஒன்றைத்தான் சொல்வார்கள்.

என் தலைமுறைக்கு டிரம்ப் கார்டு. ஃபெராரி எஃப்40 கைக்கு வந்துவிட்டால் ‘டாப் ஸ்பீடு’ என்று கத்தி எதிராளியின் சீட்டைப் பிடுங்கிவிடலாம். அட்டையில் இருந்த எண்கள் எல்லாம் மனப்பாடம். அந்தக் கார் ஒரு வளைவில் எப்படி நடந்துகொள்ளும் என்றால் தெரியாது. இன்றைய பிள்ளைகளுக்கு யூடியூபில் எண்ணும் படமும் கொட்டிக் கிடக்கின்றன. கைக்கும் காலுக்கும் தெரிய வேண்டியது மட்டும் இன்னும் கிடைப்பதில்லை. அதை ஒரு வீடியோ கேம் ஸ்டியரிங் கொடுக்குமா? பிளேஸ்டேஷன் 5, கிரான் டுரிஸ்மோ 7, லாஜிடெக் ஜி29 மூன்றையும் இணைத்து, ஏழாவது படிக்கும் அக்கா மகனோடு உட்கார்ந்தேன்.

பெட்டிக்குள் என்ன?

தோல் உறை போட்ட வீல், அதன் பின்னால் இரண்டு உலோக பேடில் ஷிஃப்டர், கிளட்ச் உட்பட மூன்று ஸ்டீல் பெடல்கள். வீல் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு 900 டிகிரி சுற்றுகிறது. அதாவது இரண்டரைச் சுற்று. சாதாரண காரின் ஸ்டியரிங்கை நெருங்கும் அளவு. உள்ளே இருக்கும் இரண்டு மோட்டார்கள் பற்சக்கரங்கள் வழியாக வீலை எதிர்த்துத் தள்ளுகின்றன. ஃபோர்ஸ் ஃபீட்பேக் என்பது இதுதான். டயருக்குத் தரைப்பிடி இருக்கும்வரை வீல் இறுகி நிற்கும், முன் டயரின் பிடி போனால் தளரும்.

மேஜை விளிம்பில் மாட்டித் திருகினால் வீல் அசையாது. கவனம் தேவைப்படுவது கீழே. பெடல் மேடைக்கு அடியில் இருக்கும் பற்கள் கார்பெட்டைக் கவ்வுவதற்கானவை. டைல்ஸ் தரையில் பிரேக்கை ஓங்கி மிதித்தால் பெடல் முன்னால் ஓடும், சக்கரம் வைத்த நாற்காலி பின்னால் ஓடும். பெடலைச் சுவரோரம் முட்டுக் கொடுத்து, நாற்காலிச் சக்கரங்களைப் பழைய ஷூக்களுக்குள் நிறுத்திவிட்டால் தீர்ந்தது.

பிரேக் பெடலுக்குள் ஸ்பிரிங்கோடு ஒரு ரப்பர் கட்டையும் இருக்கிறது. பாதி தூரம் சுலபமாகப் போகும், அதற்குமேல் பலம் கொடுத்து மிதிக்க வேண்டும். பெரியவர்களுக்கு இது நிஜ பிரேக்கின் பழக்கத்தைத் தரும். பையனுக்கு நாற்காலியை முன்னுக்கு இழுத்து, முதுகு நன்றாகச் சாய்ந்திருக்கும்படி உட்காரவைத்த பிறகுதான் முழு பிரேக் வந்தது.

“மாமா, ஸ்டியரிங் செத்துப்போச்சு!”

1997-ல் முதல் கிரான் டுரிஸ்மோவை உருவாக்கிய கசுனோரி யமாவுச்சியின் குழுதான் 2022 மார்ச்சில் இந்த ஏழாவது பாகத்தையும் கொண்டுவந்தது. நானூறுக்கும் மேற்பட்ட கார்கள் இருந்தாலும், எடுத்த எடுப்பில் கிடைப்பது ஹோண்டா ஃபிட், மாஸ்டா டெமியோ, டொயோட்டா அக்வா போன்ற குடும்பக் கார்களில் ஒன்று. ‘கஃபே’யில் மெனு புத்தகம் வாங்கி, பந்தயம் ஓட்டி, சின்ன கார்களாகச் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு தொகுப்பும் முடிந்ததும் அந்தக் கார்களின் வரலாறு வரும். “ஃபெராரி எப்ப மாமா வரும்?” என்று பையன் நச்சரித்தாலும், இந்த கேமில் எனக்குப் பிடித்த ஏற்பாடு இதுதான். வேகம் குறைந்த காரில்தான் தப்பு எங்கே நடந்தது என்று பிடிபடும்.

அதற்குச் சரியான கார் 1989-ன் மாஸ்டா யூனோஸ் ரோட்ஸ்டர். 1.6 லிட்டர் இன்ஜின், 120 குதிரைசக்தி, ஒரு டன்னுக்கும் குறைவான எடை, பின்சக்கர இயக்கம். ஜப்பானின் சுகுபா டிராக்கில், சுமார் 2 கி.மீ. சுற்றில் இறக்கிவிட்டேன். முதல் வளைவுக்குள் பையன் அதிக வேகத்தில் நுழைந்தான், கார் திரும்பவில்லை, பதறி இன்னும் ஒடித்தான். இறுகியிருந்த வீல் சட்டென்று லேசாகி, கார் நேரே போய் டிராக்கை விட்டு இறங்கியது. “மாமா, ஸ்டியரிங் செத்துப்போச்சு!” என்றான். அண்டர்ஸ்டியர் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் எந்தப் பத்திரிகையிலும் படித்ததில்லை. கொஞ்ச நேரத்தில் அவனாகவே முன்கூட்டி பிரேக் பிடித்து, குறைவாக ஒடிக்க ஆரம்பித்தான். நான் வாயே திறக்கவில்லை, எல்லாம் வீல் சொல்லிக் கொடுத்தது.

அடுத்து என் முறை, எஃப்40. ஃபெராரியின் 40-வது ஆண்டுக்காக 1987-ல் வந்தது, என்ஸோ உயிரோடு இருந்து ஒப்புதல் தந்த கடைசி ஃபெராரி. 2.9 லிட்டர் வி8, இரட்டை டர்போ, 478 குதிரைசக்தி. நிஜ காரில் ஏபிஎஸ் இல்லை, டிராக்‌ஷன் கன்ட்ரோல் இல்லை, பவர் ஸ்டியரிங்கும் இல்லை. கேமிலும் முதல் இரண்டையும் அணைத்துவிட்டு ஓட்டினேன். வளைவின் பாதியில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் ஒரு கணம் ஒன்றும் நடக்காது. பிறகு டர்போ மொத்தமாக விழித்துக்கொள்ள, பின்பக்கம் வெட்டிக்கொண்டு போகும், வீல் எதிர்ப்பக்கம் தானாகச் சுழலும். டர்போ லேக் என்று அத்தனை வருடம் படித்தது அப்போதுதான் மணிக்கட்டுக்குப் புரிந்தது.

எங்கே நிற்கிறது?

ஜி29 கொடுக்கும் முறுக்குவிசை 2 நியூட்டன் மீட்டரை ஒட்டித்தான். பவர் ஸ்டியரிங் இல்லாத எஃப்40-ஐ வளைக்கத் தோள்பட்டை எவ்வளவு உழைக்க வேண்டும் என்பதை இது சொல்லாது. அதற்கு 5 நியூட்டன் மீட்டர் தரும் ஃபனாடெக்கின் டைரக்ட் டிரைவ் வீல் பக்கம் போக வேண்டும், செலவு எங்கோ போய்விடும். பற்சக்கர அமைப்பு என்பதால் ராத்திரியில் சத்தம் பக்கத்து அறைக்குக் கேட்கும். கிளட்ச் பெடல் இருந்தாலும் கியர் லீவர் தனியாகத்தான் வாங்க வேண்டும். இணையம் இல்லாவிட்டால் கேமின் பெரும்பகுதி திறக்காது. அரிய கார்களின் விலை மலைக்க வைக்கும், கேம் பணத்தை நிஜப் பணம் கொடுத்து வாங்கும் வசதியும் உண்டு. பெற்றோர் முதல் நாளே அதைப் பூட்டிவைப்பது நல்லது. இருங்காட்டுக்கோட்டையோ, கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயோ டிராக் பட்டியலில் இல்லை.

இருந்தும் இதை வெறும் விளையாட்டு என்று தள்ளிவிட முடியாது. சின்ன வயதிலிருந்து கிரான் டுரிஸ்மோ ஆடி வளர்ந்த ஜான் மார்டன்பரோ, 2011-ல் ஜிடி அகாடமி போட்டியில் ஜெயித்து நிஜப் பந்தயத்துக்குள் நுழைந்தார். இரண்டே வருடத்தில் லு மான் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் மூன்றாவதாக வந்தார்.

வாங்கலாமா?

பிளேஸ்டேஷன் ஏற்கெனவே வீட்டில் இருந்தால், சுமார் 30,000 ரூபாய் செலவில் கைக்கும் காலுக்கும் இவ்வளவு கற்றுத்தரும் சாதனம் குறைவு. பிளேஸ்டேஷனும் புதிதாக வாங்க வேண்டும் என்றால் அவசரப்படாதீர்கள். டயர் கருகும் வாசனையையும் நெஞ்சுக்குள் அதிரும் இன்ஜின் சத்தத்தையும் எந்த ஸ்டியரிங்கும் தராது, ஆசை பெரும்பாலும் அங்கேதான் தொற்றுகிறது. அதனால் முதலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளையை இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத்துக்குக் கூட்டிப் போங்கள். மறுவாரமும் அதே பேச்சாக இருந்தால் ஜி29-ஐ வாங்கலாம். பழைய ஷூ ஒரு ஐந்து எடுத்துவையுங்கள்.