ராஜ்தூத் 350: இரண்டு உள்ளங்கையும் ஒன்றைச் சொல்லும்வரை

இன்ஜினை ஓடவிட்டு, வண்டிக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இரண்டு சைலன்சர் வாய்க்கும் நேரே ஒரு சாண் தள்ளி உள்ளங்கைகளைக் காட்டினேன். இடது கையில் புகை சீராக வந்து மோதியது. வலது கையில் நாலைந்து துடிப்புக்கு ஒன்று காணாமல் போனது. வந்த துடிப்பிலும் பலம் இல்லை.

“ரெண்டும் ஒரே பலத்தோட அடிக்குதுங்களா கண்ணு?” என்று கேட்டார் மெக்கானிக். கோவையில் டூ ஸ்ட்ரோக் வண்டிகளோடே தலை நரைத்தவர்.

“இல்லீங்கய்யா. வலது பக்கம் இழுக்குதுங்க.”

“அப்ப இன்னும் வண்டி ரெடியாகலைங்க.”

எட்டு மாதமாக அந்த வண்டியைச் சீரமைத்திருந்தோம். டேங்குக்குப் பெயின்ட், சைலன்சருக்குக் குரோமியம், போர் அடித்துப் புதுப் பிஸ்டன், புது வயரிங். பார்ப்பவர்கள் நின்று படம் எடுத்துக்கொண்டு போனார்கள். ஆனால் மூவாயிரம் ஆர்பிஎம் தொட்டதும் திக்கித் திணறும். ஐயாயிரத்தைத் தாண்டினால் ஒரேயடியாக எகிறிப் பாயும். இப்படித் திணறிப் பாயும் ராஜ்தூத் 350களை ஓட்டிவிட்டு, ‘இந்த வண்டியே இப்படித்தான்’ என்று நம்புகிறவர்கள் நிறைய. ஒரு நல்ல வண்டிக்கு இதைவிடப் பெரிய அநியாயம் இல்லை.

யமஹா 1973இல் கொண்டுவந்த ஆர்டி 350தான் இதன் மூலம். இங்கே எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1983 முதல் ராஜ்தூத் 350 என்ற பெயரில் தயாரித்தது. 347 சிசி, இரட்டை சிலிண்டர், ஆறு கியர். முதலில் வந்த ‘ஹெச்டி’க்கு 30.5 குதிரைத்திறன், மைலேஜுக்காகப் பின்னால் அடக்கிவிட்ட ‘எல்டி’க்கு 27. என்னுடையது ஹெச்டி. டியூனிங் செய்கிறவர் மனத்தில் இருத்த வேண்டியது இதன் அமைப்பைத்தான். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி கார்புரேட்டர், தனி பாயின்ட், தனி காயில், தனி சைலன்சர். ஒரே கிராங்கில் பூட்டிய இரண்டு சின்ன இன்ஜின்கள் என்றே சொல்லலாம். ஒன்று சுணங்கினால் மற்றது அதையும் சேர்த்துச் சுமக்கும்.

ஐயா முதல் நாள் கார்புரேட்டரைத் தொடவே விடவில்லை. பாயின்ட் இடைவெளி, டைமிங், கம்ப்ரஷன் மூன்றையும் பார்த்து முடித்த பிறகு, கார்புரேட்டரை சிலிண்டரோடு இணைக்கும் ரப்பரைச் சுற்றி ஸ்ப்ரே அடித்தார். வலது பக்கம் அடித்ததும் இன்ஜின் சத்தம் மாறியது. கழற்றி வளைத்துப் பார்த்தால் உள்பக்கம் மயிரிழை விரிசல். அந்த வழியாக இழுத்த காற்றுக்கு எந்த ஸ்க்ரூவைத் திருகினாலும் கணக்கு வராது. கார்புரேட்டர் மேல் போடும் பழிகளில் பாதி இப்படி வேறிடத்துப் பழுதுதான்.

அடுத்தது கார்புரேட்டரே. இரண்டும் மிகுனி வகை, 28 மில்லிமீட்டர் வாய். பழையதன் வெளித்தோற்றம் கறுத்துக் கிடந்ததால், மலிவாகக் கிடைத்த புது ஜோடி ஒன்றை நான் முன்னமே வாங்கி மாட்டியிருந்தேன். பளபளவென்று இருந்தது. ஐயா அதன் இரண்டு மெயின் ஜெட்டையும் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் காட்டினார். இரண்டிலும் ஒரே எண்தான் பொறித்திருந்தது. ஒன்றில் நுழைந்த மெல்லிய செப்புக் கம்பி மற்றதில் நுழையவில்லை. ஸ்லைடை விரலால் ஆட்டினால் கடகடவென்று ஆடியது. எட்டு மாத உழைப்பின் முடிவில் அந்த ஜோடியை நம்பி நெடுஞ்சாலையில் ஏற இருந்தேன் என்பதை நினைத்தால் இன்னும் வயிறு கலங்குகிறது. டூ ஸ்ட்ரோக்கில் ஒரு சிலிண்டருக்குப் பெட்ரோல் குறைந்தால் அதில் சூடு கூடும். சூடேறிய பிஸ்டன் போரைப் பிடித்துக்கொண்டு பின்சக்கரத்தையே பூட்டிவிடும்.

ஆகவே என் தீர்ப்பு இதுதான். ஸ்லைடு ஓடும் சுவர் தேயாமல் இருந்தால் பழைய பாடியை எறியாதீர்கள். நன்றாகக் கழுவி, காற்றடித்து, அசல் ஜெட்டும் ஊசியும் ஃப்ளோட் வால்வும் மட்டும் புதிதாகப் போடுங்கள். அடைத்த ஜெட்டை இரும்புக் கம்பியால் குத்த வேண்டாம். பித்தளைத் துளை பெரிதாகிவிடும்.

இனி வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்த வேலை. ஆக்சிலரேட்டரிலிருந்து வரும் ஒரே கேபிள் டேங்குக்கு அடியில் மூன்றாகப் பிரிகிறது. இரண்டு கார்புரேட்டருக்கு, ஒன்று ஆயில் பம்புக்கு. இரண்டு ஸ்லைடும் ஒரே கணத்தில், ஒரே உயரத்துக்கு எழ வேண்டும். இதற்கு விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. ஏர் ஃபில்டர் குழாயைக் கழற்றிவிட்டு, ஒரே அளவுள்ள இரண்டு டிரில் பிட்டுகளை எடுத்து, அவற்றின் வழுவழுப்பான தண்டுப் பகுதியை ஸ்லைடுக்கு அடியில் ஒன்றொன்றாகச் செருக வேண்டும். பிறகு ஆக்சிலரேட்டரை மிக மெல்லத் திருக வேண்டும். இரண்டு பிட்டும் ஒரே நேரத்தில் தளர்ந்து விழுந்தால் கேபிள் சரி. என் வண்டியில் இடது பிட் விழுந்த பிறகும் வலது பிட் இறுக்கிப் பிடித்தபடியே இருந்தது. கேபிள் அட்ஜஸ்டரைக் கால் சுற்று, அரைக்கால் சுற்று என்று திருகித் திருகி, பதினைந்தாவது தடவையில் இரண்டும் சேர்ந்து விழுந்தன. அந்த ‘ணங்’ சத்தத்துக்காக ஒரு மாலை முழுக்கத் தரையில் உட்கார்ந்திருந்தேன், மனசு நிறைந்துவிட்டது.

இதை முடித்த கையோடு ஆயில் பம்பின் குறியையும் பார்த்தாக வேண்டும். கார்புரேட்டர் கேபிளை மாற்றியவர்கள் பலரும் இதை மறக்கிறார்கள். ஸ்லைடு எழுந்தும் பம்பு எழாவிட்டால், அதற்கான விலையைப் பிஸ்டன்தான் கொடுக்கும்.

ஏர் ஸ்க்ரூவை முழுக்க உள்ளே போட்டு, ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்துத் தொடங்கினோம். இந்த வகைக் கார்புரேட்டரில் அதை வெளியே எடுத்தால் காற்று கூடும், உள்ளே போட்டால் பெட்ரோல் கூடும். ஒரு பக்கத்தில் கால் கால் சுற்றாகத் திருப்பி, ஓட்டம் உச்சத்துக்கு வரும் இடத்தில் நிறுத்தி, பிறகு மறுபக்கம். கடைசியில் ஸ்லோ ஸ்பீடு ஸ்க்ரூக்களால் 1300 ஆர்பிஎம் அளவில் நிறுத்தினோம்.

இப்போது பெட்ரோல் விஷயம். பழைய கையேட்டிலுள்ள ஜெட் எண்கள் அந்தக் காலப் பெட்ரோலுக்கானவை. இன்று பங்க்கில் ஊற்றுவதில் 20 சதவீதம் எத்தனால். ஒரு பங்கு பெட்ரோல் முழுதாக எரிய 14.7 பங்கு காற்று வேண்டும். இந்தக் கலவைக்குச் சுமார் 13.5 போதும். புது வண்டியில் சென்சார் பார்த்துத் தானாகத் திருத்திக்கொள்ளும். கார்புரேட்டரில் துளை எவ்வளவோ அவ்வளவுதான் வரும். ஆகவே அதே ஜெட்டில் இன்ஜின் வறண்டு ஓடுகிறது. மெயின் ஜெட்டை இரண்டு எண் பெரிதாக்கினேன். ஊசியின் கிளிப்பை ஒரு பள்ளம் கீழிறக்கி ஊசியை உயர்த்தினேன். எத்தனால் பழைய ரப்பரையும் உப்ப வைக்கும். வாஷர்களையும் பெட்ரோல் டியூபையும் மாற்றிவிடுவது நல்லது.

சரிதானா என்று சொல்ல வேண்டியது பிளக். விடிகாலையில் எல் அண்ட் டி பைபாஸில் சாலை காலியாக இருந்தபோது முழு ஆக்சிலரேட்டரில் கொஞ்ச தூரம் ஓட்டி, கிளட்சைப் பிடித்து இன்ஜினை அணைத்து, ஓரமாக நிறுத்திக் கழற்றினேன். முதல் நாள் இரண்டும் வெளுத்துச் சாம்பல் பூத்திருந்தன. ஜெட் மாற்றிய பிறகு டிகாஷன் போட்ட காபித்தூள் காய்ந்த நிறம். மூவாயிரத்தில் இருந்த திணறல் முற்றிலும் போய்விட்டது. டவுனில் நான்காவது கியரில் முறுக்காமலே நகர்கிறது. ஐயாயிரத்துக்கு மேல் வரும் அந்த இழுவை அப்படியேதான் இருக்கிறது, ஆனால் இப்போது அது படிப்படியாகக் கூடி வருகிறது.

போன வாரம் மேட்டுப்பாளையம் வழியாக ஊட்டிக்கு ஏற்றினேன். பர்லியார் வரை குறையே இல்லை. குன்னூர் தாண்டியதும் சத்தம் கொஞ்சம் கனத்தது, பிக்கப் மந்தமானது. ஊட்டி 2240 மீட்டர் உயரம். காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். அதே ஜெட், காற்று மட்டும் குறைவு, கலவை தடித்துவிட்டது. ஏர் ஸ்க்ரூவைக் கால் சுற்று வெளியே எடுத்ததும் ஸ்லோ ஸ்பீடில் தெளிந்தது. இறங்கும்போது நினைவாகப் பழைய இடத்துக்கே திருப்பி வைத்தேன். சமவெளியில் அப்படியே விட்டால் பிஸ்டனுக்கு ஆபத்து.

வீட்டுக்கு வந்து மறுபடி பின்னால் உட்கார்ந்து கையை நீட்டினேன். இரண்டு உள்ளங்கையிலும் ஒரே பலம். பிளக்கைக் கழற்றினால் வலது மட்டும் இன்னும் ஒரு நூல் கறுப்பு. ஐயாவுக்குப் போன் போட்டேன். “ஃப்ளோட் கொஞ்சம் உசரமா நிக்குதுங்க கண்ணு. ஞாயித்துக்கெழம கொண்டாங்க, தெறந்து பாத்துரலாம்” என்றார்.