தெசூக்கா ஒசாமுவின் சித்திரக் கதைகளும் இளமைப் பதிவுகளும்

நூல்களை முதனூல், வழிநூல், சார்புநூல் என மூவகைப்படுத்துவர் நன்னூலார். முன்னோன் முடிபை ஏற்றுப் பின்னோன் தான் வேண்டும் வேறுபாடுகளை அமைத்துச் செய்வது வழிநூலாம். கலைஞனொருவன் இளமையிற் கண்டு களித்தவற்றைப் பின்னாளிற் படைப்பாக்குங்கால் அப்படைப்பு முதலோ வழியோ என்னும் வினா எல்லாக் கலைகளுக்கும் பொதுவானது. சித்திரக் கதைத் துறையில் இவ்வினாவை ஆராய்வதற்கு யப்பானியரான தெசூக்கா ஒசாமுவின் (1928 - 1989) ஆக்கங்கள் தக்க களமாக அமைகின்றன.

ஓசாக்காவை அடுத்த தொயொனாக்காவிற் பிறந்த தெசூக்கா, தக்கராசூக்கா என்னும் நகரில் வளர்ந்தார். அவருடைய இளமையை உருவாக்கியவை மூன்று. தந்தையார் வீட்டிலேயே படக்கருவி வைத்துக் காட்டிய கார்ட்டூன் படங்கள் ஒன்று. தாயார் அழைத்துச் சென்று காட்டிய தக்கராசூக்கா நாடக அரங்கு மற்றொன்று. 1914 முதல் நாடகம் நடித்துவரும் அவ்வரங்கிற் பெண்களே ஆண் வேடமும் தாங்குவர். மூன்றாவது பூச்சியினத்தின்மீது கொண்ட பெருவிருப்பு. பூச்சிகளைத் தேடிச் சேர்த்து அவற்றின் உருவங்களை நுணுகி வரைந்த அச்சிறுவர், ஒசாமுசி என்னும் வண்டின் பெயர் தம் பெயரோடு ஒத்திருத்தல் கண்டு மகிழ்ந்து, தம் பெயரை எழுதும்போது பூச்சியைக் குறிக்கும் எழுத்தையும் சேர்த்துக்கொண்டார். அப்புனைபெயரே அவருக்கு இறுதிவரை நிலைத்தது.

இவற்றுள் நாடக அரங்கின் செல்வாக்கை எளிதிற் காணலாம். 1953இல் தொடங்கிய 'ரிபோன் நோ கிசி' என்னுந் தொடரின் தலைவி சபையர், பெண்ணுக்கு அரசுரிமை இல்லாத நாட்டிற் பிறந்து இளவரசனாக வளர்க்கப்படுகிறாள். ஆணாகத் தோன்றும் பெண் என்ற உரு அரங்கிலிருந்து வந்ததே. ஆயினும் அரங்கில் ஆண் வேடம் நடிகையின் திறமை மட்டுமே. காட்சி முடிந்ததும் அதனைக் களைந்துவிடலாம். சபையருக்கோ வேடம் களைந்தால் அரசு பறிபோகும். மேடையில் அழகாயிருந்த ஒன்று கதையில் இடராக மாறுகின்றது. இளமையிற் பெற்ற பொருளைத் தெசூக்கா தமதாக்கிய முறை இதுவேயாகும்.

கார்ட்டூன் படங்களின் வழிவந்த பேறும் இவ்வாறே ஆராயத்தக்கது. 1947இல் வெளிவந்த 'சின் தக்கராசிமா'விலேயே ஓடும் மோட்டார் வண்டியை அடுத்தடுத்த கட்டங்களிற் சினிமாப் போல் அசையக் காட்டும் முறை காணப்படுகின்றது. அகன்ற கண்களும் வளைந்த கோடுகளும் வால்ட் டிஸ்னியின் படங்களை நினைவூட்டுவன. ஆனால் அப்படங்களிற் சாவு பெரும்பாலும் நிலைப்பதில்லை. அடிபட்ட உருவம் மறுகணமே எழுந்து ஓடும். தெசூக்காவோ 1945 யூனில் ஓசாக்காமீது குண்டுமாரி பொழிந்தபோது படைத்தளவாடத் தொழிற்சாலையில் வேலைசெய்த மாணவர். பலர் மாண்டதைக் கண்ணெதிரே கண்டு தாம் உயிர்தப்பியவர். ஆகவே அவர் வரைந்த கார்ட்டூன் உருவங்கள் சாகின்றன. 1950 முதல் 1954 வரை வந்த 'யங்குரு தைத்தெய்' தொடரில், லியோ என்னும் சிங்கம் பனிமலையில் உடன்வந்த மனிதன் பிழைக்கத் தன் ஊனையும் தோலையும் ஈந்து மடிகின்றது. கோடு பிறரிடமிருந்து வந்தது. அக்கோட்டுக்குள் வலியைப் புகுத்தியது தெசூக்காவின் தனித்திறன்.

பூச்சியுலகின் பாதிப்பு மேலும் ஆழமானது. புழுவாயிருந்தது கூடாகிப் பின் பறக்கும் உயிராதலைக் கண்ட சிறுவனுக்கு வளர்ச்சியென்பது உருமாற்றமே. 1952 முதல் 1968 வரை வெளிவந்த 'தெத்துவான் அத்தொமு'வின் மையத் துயரம் இதன் மறுதலையாக அமைந்துள்ளது. விபத்தில் மகனை இழந்த விஞ்ஞானி தென்மா, அவன் சாயலில் இயந்திரச் சிறுவனொருவனைச் செய்கின்றார். அவன் வளரவில்லை என்பதை உணர்ந்ததும் வெறுத்துச் சர்க்கசுக்கு விற்றுவிடுகின்றார். இலட்சம் குதிரைவலு படைத்த அச்சிறுவனுக்கு ஓர் எளிய புழுவுக்கு வாய்க்கும் மாற்றம் வாய்க்கவில்லை. அத்தொமுவை வீரச்செயல் புரியும் பொம்மையாக மட்டும் காண்போர் இத்துயரத்தைக் காணத் தவறுவர்.

எனினும் இளமை தருவனவெல்லாம் நலமாக விளைவதில்லை. 'யங்குரு தைத்தெய்'யில் ஆபிரிக்க மக்களைத் தடித்த உதடும் வெறித்த பார்வையுமாக வரைந்தமை, மேல்நாட்டுப் படங்களின் இழிந்த மரபை ஆராயாது ஏற்றதன் பயன். பிற்காலத்தில் இது வன்மையான கண்டனத்துக்கு உள்ளாயிற்று, அக்கண்டனம் நேரியதே. சபையரின் கதையிலும் ஆணுள்ளம் அகற்றப்பட்டவுடன் அவள் வலிமை குன்றுவதாகக் காட்டுவது, தொடக்கத்திற் கேட்ட வினாவைத் தாமே கைவிட்டதாகின்றது. இளமையிற் பெற்றவற்றுள் எதனை மீண்டும் வினவினாரோ அது வளர்ந்தது. எதனை வினவாது விட்டாரோ அது வடுவாய் நின்றது.

இன்னுமொரு சிறு செய்தியும் ஈண்டு நோக்கற்பாலது. ஒட்டுப்போட்ட சுரைக்காய் போன்ற 'ஃகியோத்தன்சுகி' என்னும் வேடிக்கை உரு, சிறுவயதில் அவர் தங்கை கிறுக்கிய படத்தினின்று பிறந்தது. துயரமான கட்டங்களிலும் அது திடீரென்று தலைகாட்டும். சுவை சிதைகின்றதென்று கடிவார் கடியலாம். சில இடங்களில் அக்குறை உண்மையே. ஆயினும் உலகப் புகழ் எய்திய பின்னரும் தாம் வரைந்த தாளில் தங்கையின் கிறுக்கலுக்கு இடமளித்த மனத்தை அவ்வுரு காட்டுகின்றது.

ஆகவே தெசூக்காவின் தொடர்கள் தோற்றத்தால் வழிநூல் போல்வன, பயனால் முதனூல்களாகும். கடன்பட்டமை குறையன்று. பெற்ற பொருளைத் தன் வாழ்வின் துயரோடு உரைத்துப் பார்த்து மாற்றுக் கண்டவனே படைப்பாளி என்பதற்கும், உரைத்துப் பாராத இடத்தில் அவனும் வழுவுவான் என்பதற்கும் அவர் ஆக்கங்கள் ஒருங்கே சான்று பகர்கின்றன.