மூன்றாம் வரிசைக் கோடு

பாம்பு உரித்துப் போட்ட சட்டையை நனைத்து மேசையில் விரித்து, வயிற்றோரத்திலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று செதில் வரிசைகளை எண்ணுகிறவரைத்தான் கார்ட்டர் பாம்பின் நல்ல ரசிகர் என்பேன்.

அந்தக் காலத்து ஆண்கள் காலுறை நழுவாமல் கட்டிக்கொண்ட பட்டிக்கு ஆங்கிலத்தில் கார்ட்டர் என்று பெயர். அந்தப் பட்டியின் கோடுகளை நினைவூட்டியதால் இந்த வட அமெரிக்கப் பாம்புக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. முதுகில் ஒரு கோடு, பக்கத்துக்கு ஒன்றாக இன்னும் இரண்டு. முப்பதுக்கும் மேற்பட்ட இனங்களில் பலவும் இதே உடுப்பில்தான் திரிகின்றன. நிறத்தை நம்பினால் ஏமாறுவோம். சான் பிரான்சிஸ்கோ கார்ட்டர் நீலப்பச்சையும் சிவப்பும் கருப்புமாக நகை போலிருக்கும். 1967 முதல் அமெரிக்க அரசின் அழிவாபத்துப் பட்டியலில் இருக்கிறது. கிழக்கு மாநிலத் தோட்டங்களில் நெளிகிற மங்கல் பழுப்புக் கார்ட்டரும் அதுவும் ஒரே இனம் என்றால் முதலில் யாரும் நம்பமாட்டார்கள்.

செதில் பொய் சொல்லாது. பொதுக் கார்ட்டருக்குப் பக்கக்கோடு இரண்டாம், மூன்றாம் வரிசைகளில் ஓடும். சமவெளிக் கார்ட்டருக்கு மூன்றிலும் நான்கிலும். கட்டம்போட்ட கார்ட்டருக்குக் கழுத்துப் பக்கம் மூன்றாம் வரிசையில் மட்டும். ஒரே ஒரு வரிசை தள்ளிப்போனால் இனமே மாறிவிடுகிறது! ரிப்பன் பாம்புக்கும் மூன்று, நான்குதான். ஆனால் அதன் உதட்டில் கறையே இருக்காது, கண்ணுக்கு முன்னால் வெள்ளைப் பொட்டு, உடம்பில் மூன்றில் ஒரு பங்கு வால். எல்லாவற்றுக்கும் கடைசியாகச் சட்டையைத் திருப்பி, கழிவுத்துளையை மூடும் செதிலைப் பார்க்க வேண்டும். அது பிளவுபடாமல் ஒற்றையாக இருந்தால் கார்ட்டர். இரண்டாகப் பிளந்திருந்தால் அந்த ஊர் நீர்ப்பாம்பாக இருக்கலாம்.

வளர்ப்பு சுலபம் என்பார்கள். பாதி உண்மை. பகலில் விழித்திருக்கும், ஆள் வந்தால் கண்ணாடியோரம் தலைதூக்கும், குட்டி போடும். பிடித்தால் முதலில் நாற்ற நீரைப் பீச்சும், பழகினால் குறையும். படுக்கை ஈரமாகவே இருந்தால் தோலில் கொப்புளம் வரும். தப்பு பெரும்பாலும் தீனியில்தான். கடையில் மலிவாகக் கிடைக்கும் தங்கமீனில் தயாமினேஸ் என்ற நொதி இருக்கிறது. பி1 சத்தை அழித்துவிடும். அதையே தின்றுவந்த பாம்பு நாளடைவில் துடித்து வலிப்புக் காணும். உறையவைத்தாலும் அந்த நொதி சாகாது. மண்புழு, டிரவுட் மீன் என்று மாற்றிக் கொடுப்பதே நல்லது.

நம் வயல் வரப்பில் திரியும் நீர்காத்தான் குட்டி இதற்குத் தூரத்து உறவு. அதற்கும் செதில் நடுவே மெல்லிய முகடு உண்டு, உடம்பு நெடுகக் கோடும் உண்டு. பிடித்து வளர்க்கச் சட்டம் இடம் தராது. வரப்பில் அதன் சட்டை கிடந்தால் எடுக்காமல், குனிந்து அங்கேயே பாருங்கள்: இது முட்டையிடும் பாம்பு, கழிவுத்துளைச் செதிலும் இரண்டாகப் பிளந்திருக்கும்.