டிரிலும் பாட்டும்

பியானோ கற்றுக்கொள்கிறவர்களை அதிகமாகப் பயமுறுத்துவது டிரில் என்கிற அலங்காரம்தான் என்று நினைக்கிறேன். அடுத்தடுத்த இரண்டு ஸ்வரங்களை மாற்றி மாற்றி, அவை இழைந்து ஒரே அதிர்வாகிவிடும்படி வேகமாக வாசிப்பது அது. வீணைக்காரர் தந்தியை இழுத்து ஸ்வரத்தை அசைத்துவிடலாம். பியானோவில் அதற்கு வழியில்லை. அசைவு முழுவதும் இரண்டு கட்டைகளின் மேல் விழுகிற விரல்களிலிருந்துதான் வரவேண்டும்.

விரல்களோ சமமாகப் படைக்கப்பட்டவை அல்ல. மோதிர விரலின் தசைநார் அண்டை விரல்களின் தசைநார்களோடு பிணைந்து கிடக்கிறது. நடுவிரலை உள்ளே மடக்கிக்கொண்டு மோதிர விரலை மட்டும் தூக்க முயன்றால் இது தெரியும். இந்தக் குறையைப் பலவந்தத்தால் வென்றுவிடலாம் என்று 19-ஆம் நூற்றாண்டில் நம்பியவர்கள் உண்டு. விரல்களைப் பழக்கக் கருவிகள்கூடச் செய்தார்கள். ஷூமானும் அப்படி ஒரு கருவியை உபயோகித்தார். 1832 வாக்கில் அவருடைய வலது கை பழுதாகி, மேடையில் வாசித்துப் பெயரெடுக்கும் ஆசை முடிந்தது. காரணம் கருவியா, வேறு நோயா என்று இன்னமும் விவாதிக்கிறார்கள். கருவியால் அவர் கை தேறவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

அனுபவஸ்தர்கள் சொல்லும் வழி எளியது. கட்டைவிரலை 1 என்று எண்ணினால், 4-ஐயும் 5-ஐயும் சேர்த்து வதைக்காமல் 1-3 அல்லது 2-3 என்று வைத்துக்கொள்ளலாம். நீண்ட டிரிலுக்கு 1-3-2-3 என்று சுற்றி வந்தால் ஒரு விரலுக்குப் பின் மற்றொன்று சற்று இளைப்பாறும். விரலை உயரத் தூக்கக் கூடாது. மணிக்கட்டு இறுகக் கூடாது. மெதுவாகத் தொடங்க வேண்டும். டிரில் ஆரம்பத்தில் நிதானமாக இருந்து, தெரியாதபடி வேகம் கூட வேண்டும் என்று 1716-இலேயே கூப்பரேன் தம் புத்தகத்தில் எழுதிவிட்டார்.

ஆனால் இந்த விஷயத்தில் எனக்குப் பிடித்த ஆசிரியர் பீத்தோவன்தான். 1820-இல் அவர் இயற்றிய ஓபஸ் 109 ஸொனாட்டாவின் கடைசிப் பகுதியைக் கேட்டுப் பாருங்கள். ஒரே ஸ்வரம் முதலில் நிதானமாக, திரும்பத் திரும்ப ஒலிக்கிறது. பிறகு அடிக்கு இரண்டாகிறது, மூன்றாகிறது. இன்னும் நெருங்கி, கடைசியில் டிரிலாகிவிடுகிறது. டிரில் எப்படிப் பிறக்கிறது என்பதை நம் காதுமுன் நடத்திக் காட்டுகிறார். அப்போது அவருடைய காது ஏறக்குறைய முழுவதும் அடைத்துவிட்டிருந்தது.

அதற்கு முன்பே, 1803-04-இல் எழுதிய வால்ட்ஸ்டைன் ஸொனாட்டாவில், ஒரே கை டிரிலையும் அதற்கு மேலே பாட்டையும் வாசிக்கும்படி வைத்திருக்கிறார். கடினமான வேலை. ஆனால் கையெழுத்துப் பிரதியில் ஒரு குறிப்பும் எழுதி வைத்தார். முடியாதவர்கள் அதை எளிதாக்கி வாசித்துக்கொள்ளலாம். டிரிலின் வேகம் சற்றுக் குறைந்தாலும் பாதகமில்லை என்பது அதன் சாரம்.

இந்தச் சலுகையை இரக்கம் என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. அது ஒரு விமர்சனத் தீர்ப்பு. டிரிலையும் பாட்டையும் எடைபோட்டு, பாட்டுக்குத்தான் அவர் முதலிடம் கொடுத்தார். இன்று இசைத்தட்டுகளைக் கேட்கிற நம்மில் பலர் இதைத் தலைகீழாக்கிவிட்டோம். டிரில் எத்தனை வேகம், எத்தனை சீர் என்று கணக்குப் பார்க்கிறோம். இயந்திரம் போல அது உருளும்போது பிரமிக்கிறோம். சுண்டுவிரலில் பாட்டு செத்துக் கிடப்பதைக் கவனிப்பதில்லை. நாவல் எழுதுகிறவனுக்கு இந்த ஆபத்து நன்றாகத் தெரியும். வர்ணனையில் கை தேறத் தேறக் கதாபாத்திரங்கள் பேசாமல் போய்விடுவார்கள். வாசகர் அதைப் பார்த்து ‘பேஷ்’ போட்டுவிட்டால் எழுதுகிறவனுக்குத் தன் குறை தெரியவே தெரியாது.

பயிற்சி செய்கிற பிள்ளைகளுக்கும் இதனால் கெடுதல். வேகத்தை முதலில் பிடித்துவிட வேண்டும் என்று கையை இறுக்குகிறார்கள். இறுகிய கையில் வலி வரும், டிரில் வராது. வலி வந்தால் நிறுத்திவிடுவது சோம்பல் அல்ல, புத்திசாலித்தனம்.

ஓபஸ் 109-இல் டிரில் உச்சத்துக்குப் போய் அடங்கியபின் என்ன வருகிறது? ஆரம்பத்தில் கேட்ட அதே பாட்டு, எந்த அலங்காரமும் இல்லாமல், அமைதியாகத் திரும்பி வருகிறது. அந்தப் பாட்டு நம்மை எட்டினால் டிரில் தன் வேலையைச் செய்துவிட்டது என்று அர்த்தம். எட்டவில்லை என்றால், விரல்கள் எவ்வளவு வேகமாக ஓடினாலும் எனக்கு அது வெறும் விரல் வித்தைதான்.