கையின் கலை: ‘ஜெல்டா’ விளையாட்டு வரிசை குறித்து ஒரு திறனாய்வு

ஒரு கலையின் உச்சம் எது என்று ஆராயப் புகுவோர் முதலில் கேட்க வேண்டியது, அக்கலையால் மட்டுமே ஆகக்கூடிய செயல் யாது என்பதே. திரைப்படத்தை அதன் பாடல்களைக் கொண்டு மட்டும் மதிப்பிடுதல் எவ்வளவு பொருந்தாததோ, வீடியோ விளையாட்டை அதன் கதையைக் கொண்டு மட்டும் மதிப்பிடுதலும் அவ்வளவு பொருந்தாதது. இன்று இவ்விளையாட்டுகளுள் தலைசிறந்த வரிசை எது என்னும் வினா எழும்போதெல்லாம், கதையழுத்தம் மிக்க ஒன்றையோ காட்சிப் பகட்டு மிக்க ஒன்றையோ சுட்டிக்காட்டுவது வழக்கமாகிவிட்டது. நாம் இங்கு முன்வைக்கும் பெயர் வேறு. ஜப்பானின் கியோட்டோ நகரிலுள்ள நிண்டெண்டோ நிறுவனம் 1986-ஆம் ஆண்டு முதல் வெளியிட்டுவரும் ‘த லெஜண்ட் ஆஃப் ஜெல்டா’ என்னும் வரிசையே அது.

இலக்கியம் பேசும் பக்கங்களில் விளையாட்டுக்கு என்ன வேலை என்று சில அன்பர்கள் முகம் சுளிக்கக்கூடும். நாவலுக்கும் திரைப்படத்துக்கும் ஒரு காலத்தில் இதே முகச்சுளிப்பே கிடைத்தது. இளைஞர்கள் தம் மாலைப்பொழுதுகளை அள்ளிக் கொடுக்கும் ஒன்று, தடைவிதிக்கப்படுவதற்கு முன்பு படித்தறியப்படவேனும் தகுதி உடையதன்றோ?

எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தை முதலில் பார்ப்போம். அமெரிக்கத் திரைப்பட விமரிசகர் ரோஜர் ஈபர்ட், 2010 ஏப்ரலில், வீடியோ விளையாட்டு ஒருபோதும் கலையாக முடியாது என்று எழுதினார். கலை என்பது படைப்பாளியின் கட்டுப்பாட்டில் நிற்பது. விளையாட்டோ ஆடுபவரின் தேர்வுகளைக் கோருவது. இரண்டும் ஒன்றாக நில்லா என்பது அவர் நெடுநாளாகக் கொண்டிருந்த கருத்து. அவ்வாண்டு ஜூலையிலேயே, ஆடிப் பார்க்காத ஒன்றைப் பற்றித் தாம் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என அவர் இறங்கி வந்தார். 2012-இல் நியூயார்க் நவீனக் கலைக் காட்சியகம் பதினான்கு வீடியோ விளையாட்டுகளைத் தன் சேகரிப்பில் சேர்த்துக்கொண்டது. எனினும், காட்சியகம் ஏற்றதனாலேயே அவர் எழுப்பிய தடை நீங்கிவிடவில்லை. ஒருவர் முழுவதுமாக அமைத்த உலகில் இன்னொருவர் உண்மையாகவே சுதந்திரமாகச் செயல்பட இயலுமா? இறையியல் வகுப்புகளில் அமர்ந்தோர்க்கு இக்கேள்வி புதிதன்று; படைத்தவரின் முன்னறிவையும் மனிதரின் தன்னுரிமையையும் எப்படிப் பொருத்துவது என்று பல நூற்றாண்டுகளாக அங்கே மல்லுக்கட்டியவர்கள் உண்டு. தொழில்நுட்பம் என்ற சிறிய அளவில் அதே முடிச்சை அவிழ்க்க முயன்றிருப்பதுதான் ஜெல்டா வரிசையின் பெருமை என்று நாம் கருதுகிறோம்.

இவ்வரிசையைத் தொடங்கியவர் ஷிகெரு மியமோட்டோ. உடன் உழைத்தவர் தகாஷி தெசுகா. கியோட்டோவை அடுத்த சோனோபே என்னும் ஊரில் சிறுவனாக மலையும் காடும் சுற்றித் திரிந்ததையும், அங்கே ஒரு குகையைக் கண்டு உள்ளே புகுந்து பார்த்ததையும் மியமோட்டோ பலமுறை நினைவுகூர்ந்துள்ளார். 1986-இல் வந்த முதல் விளையாட்டின் தொடக்கம் அந்நினைவின் நேர்ப்பதிவு எனலாம். லிங்க் என்னும் சிறுவன் ஒரு வெட்டவெளியில் நிற்கிறான். மூன்று பக்கம் வழி. ஒரு பக்கம் இருண்ட குகைவாய். எங்கே போக வேண்டும் என்று எவரும் சொல்வதில்லை. குகைக்குள் நுழைந்தால் முதியவர் ஒருவர் வாளைத் தருவார். நுழையாமல் நடந்தால் வாள் இல்லாமலே போக வேண்டியதுதான், அதற்கும் தடையில்லை.

அம்முதல் விளையாட்டில் லிங்கின் கேடயத்தில் சிலுவைக் குறி இருந்தது. ஜப்பானிய மூலத்தில் அவன் கண்டெடுக்கும் நூலொன்றின் பெயரே ‘பைபிள்’. ஆங்கிலத்தில் அது மந்திர நூலாக மாறிற்று. பின்னாளில் சிலுவை மறைந்து, மூன்று பொன் முக்கோணங்களும் மூன்று பெண்தெய்வங்களும் கொண்ட சொந்தப் புராணமொன்று உருவாயிற்று. இதைக் கண்டுபிடித்துவிட்டு இவ்வரிசைக்கு ஞானஸ்நானம் கொடுக்க விரைவோர் உளர், அதற்குத் தேவையில்லை. அயல்நாட்டு வீரக்கதைகளின் அலங்காரமாகவே ஜப்பானியக் கலைஞர்கள் அச்சிலுவையை எடுத்தாண்டனர். (லிங்க் திரியும் ஹைரூல் நாட்டில் செலாவணிக்கு ஆங்கிலத்தில் ‘ரூபி’ என்று, நம் ரூபாயை எழுதும் அதே எழுத்துகளில் பெயர். பார்ப்பதற்கோ அவை பச்சையும் நீலமுமான மணிக்கற்கள்.)

2017 மார்ச்சில் வெளிவந்த ‘பிரெத் ஆஃப் த வைல்ட்’ இவ்வரிசையின் சிகரம். இயக்கியவர் ஹிதெமாரோ புஜிபயாஷி. தயாரித்தவர் எய்ஜி அவோனுமா. நூறாண்டு உறக்கத்திலிருந்து விழித்த லிங்க் குகையைவிட்டு வெளியே ஓடிவந்து நிற்க, ஹைரூல் முழுவதும் அவன் காலடியில் விரிகிறது. தொலைவில் பகைவன் குடிகொண்ட கோட்டை தெரிகிறது. தொடக்கப் பீடபூமியிலிருந்து இறங்கியதும் நேரே அக்கோட்டைக்கே போய்விடலாம். பெரும்பாலோர் போவதில்லை. ஏன் போவதில்லை என்பதில்தான் இதை ஆக்கியோரின் கலை இருக்கிறது.

அப்பீடபூமியிலேயே பனிமூடிய மலையொன்று உண்டு. ஏறத் தொடங்கினால் குளிர் தாங்காமல் லிங்கின் உயிர்வலிமை தேய்ந்துகொண்டே போகும். என்ன செய்வது? காரமிளகாயைப் பறித்துச் சமைத்து உண்டால் சற்று நேரம் உடல் சூடாகும். தீப்பந்தம் ஏந்தி நடந்தாலும் குளிரைச் சமாளிக்கலாம். அங்கே குடிலொன்றில் வாழும் முதியவரின் நாட்குறிப்பைப் புரட்டினால், தாம் விரும்பிச் சமைத்த உணவொன்றின் செய்முறையை அவர் மறந்துவிட்டு ஏங்குவது தெரியவரும். அதைக் கண்டுபிடித்துக் கொடுத்தால் தம் கம்பளிச் சட்டையை அவர் தந்துவிடுவார். இவை எதையும் செய்யாமல் முட்டிமோதி உச்சியை அடைந்தவனுக்கும் அம்முதியவர் அங்கே தோன்றி அதே சட்டையைத் தருகிறார். இவற்றுள் எது சரியான விடை என்று விளையாட்டு கூறுவதில்லை. மிளகாய் மிளகாயாகவும் நெருப்பு நெருப்பாகவும் நடந்துகொள்ளும் என்ற ஓர் உறுதியை மட்டுமே அது தருகிறது.

இவ்வுறுதி தற்செயலாக வந்ததன்று. 2017-இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த விளையாட்டு ஆக்குநர் மாநாட்டில் இக்குழுவினர் தம் முறையை விளக்கினர். நெருப்பு, காற்று, நீர், மின்னல் முதலியவை எந்தப் பொருளைத் தொட்டால் என்ன விளையும் என்பதற்குப் பொதுவிதிகளை வகுத்து, முதலில் 1986-ஆம் ஆண்டு விளையாட்டைப் போன்ற தட்டையான மாதிரியொன்றில் சோதித்துப் பார்த்தனராம். புல்லில் தீ வைத்தால் அனல் மேலெழும். அந்த அனலில் துணிச்சிறகை விரித்தால் வானில் உயரலாம். இடிமழையில் இரும்புவாளை முதுகில் சுமந்தால் மின்னல் தலையில் இறங்கும். அதே வாளைப் பகைவர் நடுவே எறிந்தால் அவர்கள்மேல் இறங்கும். குன்றுகளை வடிவமைப்பதிலும் அவர்களுக்கு ஒரு நெறி இருந்தது. முக்கோணமாய் எழும் குன்று தன் பின்னுள்ளதை மறைப்பதால், ஏறுவதா சுற்றிப்போவதா என்று நடப்பவன் தானே தீர்மானிக்கிறான். உச்சியை அடைந்ததும் மறைந்திருந்த மற்றொன்று கண்ணில் படுகிறது. கோட்டைக்குப் போக வேண்டியவன் வழிதவறிக்கொண்டே இருப்பது இதனாலேதான். தன் விருப்பப்படி அலைவதாக அவன் நினைக்கிறான்; அது பொய்யுமன்று. படைத்தவரும் அவ்வலைச்சலை எண்ணியே அக்குன்றுகளை அங்கே வைத்தனர். ஈபர்ட் ஒன்றையொன்று விழுங்கும் எனக் கருதிய இரண்டும் இங்கே ஒன்றையொன்று தாங்கி நிற்கக் காண்கிறோம்.

சுதந்திரம் மட்டுமே இவ்வரிசையின் செல்வமாக இருந்தால் அதை இத்துணை உயர்த்திப் பேசமாட்டோம். 2000-ஆம் ஆண்டில் வந்த ‘மஜோராஸ் மாஸ்க்’ இதற்கு நேர்மாறான இறுக்கம் கொண்டது. கடிகார ஊரின்மேல் நிலா விழுந்துகொண்டிருக்கிறது. மூன்றே நாள் எஞ்சியுள்ளது. ஆடுபவருக்கு அம்மூன்று நாளும் இயல்பான வேகத்தில் ஏறத்தாழ ஒரு மணி நேரமே. முடிவு நெருங்கும்போது லிங்க் தன் ஊதுகருவியில் ஒரு பண்ணை இசைத்து முதல்நாள் காலைக்கே திரும்பிவிடுவான். ஊரார் எவருக்கும் எதுவும் நினைவிராது.

அவ்வூரில் அஞ்சு என்றொரு விடுதிப்பெண். அவளுக்கும் கஃபேய் என்பவனுக்கும் திருவிழா நாளில் மணம் நிச்சயமாகியிருக்க, அவன் காணாமற்போகிறான். உண்மையில் அவன் சாபத்தால் சிறுவனாக்கப்பட்டு, மணவிழாவுக்குரிய முகமூடியையும் திருடனிடம் பறிகொடுத்து, வெட்கத்தால் ஒளிந்து வாழ்கிறான். இவ்விருவரையும் சேர்த்துவைக்க விரும்பினால் மூன்று நாளும் அவர்களுக்கே உழைக்க வேண்டும். குறித்த நேரத்தில் விடுதியில் இருக்க வேண்டும். கடிதத்தைக் கொண்டுசேர்க்க வேண்டும். திருடனின் மறைவிடத்தில் காத்துக்கிடக்க வேண்டும். கடைசி இரவில் குடும்பத்தார் பண்ணைவீட்டுக்கு ஓடிவிட, அஞ்சு மட்டும் விடுதி அறையில் அமர்ந்திருக்கிறாள். நிலா விழுவதற்கு ஒன்றரை மணி நேரமே இருக்கையில் கஃபேய் வந்து சேர்கிறான். இருவரும் முகமூடிகளை இணைத்துத் தங்கள் உடன்படிக்கையை நிறைவேற்றி, அதை லிங்கின் கையில் கொடுத்து, நீ தப்பிப் போ என்கின்றனர். அவர்கள் போகப்போவதில்லை.

இப்போது ஆடுபவர் செய்ய வேண்டியது என்ன? அந்தப் பண்ணை இசைக்க வேண்டும். இசைத்த மறுகணமே அந்தச் சந்திப்பு நடவாததாகிவிடும். மறுபடியும் முதல்நாள்; மறுபடியும் அஞ்சு கண்ணீரோடு விடுதி வாசலில்; லிங்கை அவளுக்கு யாரென்றே தெரியாது. கையில் முகமூடி ஒன்று, குறிப்பேட்டில் ஒரு முத்திரை: எஞ்சுபவை இவைதான். விளையாட்டின் நிறைவில் அவர்கள் மணக்கோலம் காட்டப்படுகிறது என்பது உண்மையே. ஆயினும் அதுவரை அந்த அன்பைக் கண்ட சாட்சி ஆடுபவர் ஒருவரே. இத்தகைய துயரை நாவலும் எழுதிக்காட்டும், திரைப்படமும் படம்பிடித்துக்காட்டும். ஆனால் சேர்த்துவைத்த கையாலேயே அதை அழிக்கவைப்பது இக்கலைக்கு மட்டுமே கைவந்தது. அந்தப் பொத்தானை அழுத்தத் தயங்கி நிற்கும் சில நொடிகளில்தான் வீடியோ விளையாட்டு தன் முழு உயரத்தை எட்டுகிறது என்போம்.

இனி, பிறர் முன்வைக்கும் பெயர்களுக்கு வருவோம். 2013-இல் வந்த ‘த லாஸ்ட் ஆஃப் அஸ்’ மனத்தை உலுக்கும் படைப்பு என்பதை மறுக்கவில்லை. இறுதியில் அந்த அறுவை அறையில், நாம் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் நம் கையாலேயே கொலை நிகழ வேண்டியிருப்பது வன்மையான இடம். ஆயினும் 2023-இல் அது தொலைக்காட்சித் தொடராக வந்தபோது ஆடும் கை முற்றிலும் நீக்கப்பட்டது. பெரும்பகுதி குலையாமலே நின்றது. கையை எடுத்தும் குலையாத ஒன்றில் கை சுமந்த பாரம் எவ்வளவு என்று கேட்கத்தான் தோன்றுகிறது. ‘டார்க் சோல்ஸ்’ (2011) முதல் ‘எல்டன் ரிங்’ (2022) வரை ஹிதெதகா மியாசகி படைத்தவை இக்குறைக்கு ஆளாகாதவை. வீழ்ந்து வீழ்ந்து எழும் பொறுமையைக் கைக்குக் கற்பிக்கும் அவ்விளையாட்டுகளை நாம் ஜெல்டாவுக்கு மிக அருகில் வைக்கிறோம். எனினும் அவ்வுலகில் ஏறத்தாழ எல்லாக் கதவுகளும் போரால்தான் திறக்கின்றன. சமைத்துக் கொடுத்துச் சட்டை வாங்கும் வழி அங்கே இல்லை.

ஜெல்டா வரிசைக்கும் குறைகள் உண்டு; சில சிறியன அல்ல. ‘பிரெத் ஆஃப் த வைல்ட்’ நிலமெங்கும் 900 விதைகளை ஒளித்துவைத்து, அனைத்தையும் தேடிச் சேர்த்தவனுக்குப் பொன்னிறச் சாண உருண்டையொன்றைப் பரிசளிக்கிறது. இந்தக் கிண்டலை நாம் இரசித்தோம்; ஆனால் அவ்வளவு மணிநேரத்தை இழந்தவர் இரசிப்பாரா என்பது வேறு செய்தி. செந்நிலா உதிக்கும் இரவுகளில் வெட்டுண்ட அரக்கர் யாவரும் மீண்டும் எழுந்துவிடுகின்றனர். ஆதலால் அங்கே வெட்டுதல் என்பது எடையற்ற செயலாகிவிடுகிறது. ‘மஜோராஸ் மாஸ்க்’ செயல்களுக்குத் தந்த கனத்தை நினைத்தால் இது இறக்கமே. 2023 மே மாதத்தில் வெளிவந்து மூன்றே நாளில் ஒரு கோடிப் படிகள் விற்ற ‘டியர்ஸ் ஆஃப் த கிங்டம்’, பலகையும் சக்கரமும் ஒட்டி ஊர்தி செய்யும் வியப்பைத் தந்தது. ஆனால் பறக்கும் பொறியொன்றைச் செய்துகொண்டவனுக்குக் குன்றுகள் எதையும் மறைப்பதில்லை. முன்னதில் நடந்தே அறிந்த நிலத்தை இதில் அவன் மேலிருந்து கடந்துவிடுகிறான். கதையும் மெலிந்ததே. 2023-இல் இவ்வரிசையைத் திரைப்படமாக்கப்போவதாக நிண்டெண்டோ அறிவித்தபோது நமக்கு ஆவலைவிட ஐயமே மிகுந்தது. கையை எடுத்தபின் இங்கே மிஞ்சுவது அரசிளங்குமரி, அரக்கன், வாளேந்திய சிறுவன் என்னும் பழங்கதை மட்டுமே அல்லவா?

அவ்வரசிளங்குமரியைப் பற்றியும் ஒரு சொல். வரிசையின் பெயர் அவளுடையது. ஆனால் முப்பத்தெட்டு ஆண்டுகள் அவள் பெரும்பாலும் சிறையிருந்தாள், அல்லது உறங்கினாள், அல்லது துணைவந்தாள். 2024 செப்டம்பரில் வெளியான ‘எக்கோஸ் ஆஃப் விஸ்டம்’ முதன்மை வரிசையில் முதன்முறையாக ஜெல்டாவையே நாயகியாக்கியது. இயக்கிய இருவருள் ஒருவரான தோமோமி சானோ, ஜெல்டா விளையாட்டை இயக்கிய முதல் பெண்மணி. இதில் ஜெல்டா வாளை நம்பிப் புறப்படுவதில்லை. தான் கண்ட பொருள்களின் நகலை உண்டாக்கும் கோல் ஒன்றே அவள் கருவி. சிறையிலிருந்து தப்பும் வழியில் அவள் கற்றுக்கொள்ளும் பொருள்கள் மேசையும் பெட்டியும் கட்டிலும்தான். மதில் உயரமாக இருந்தால் கட்டிலின்மேல் கட்டிலை அடுக்கி ஏறிப் போகிறாள். களைத்தால் அதே கட்டிலில் படுத்து உடல் தேறுகிறாள்.